செம்பு வயர் என்று வாங்கினேன், மகளின் கணக்கு வேறு சொல்கிறது

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு வீடு கட்டுகிறோம். லைட்டுகளுக்காக 1/1.13 வயர் (1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி) 100 மீற்றர் சுருள் ஒன்றை மட்டக்களப்பு ரவுணில் வாங்கினேன். மற்றக் கடைகளைவிட விலை நல்ல குறைவு. செம்பு என்றுதான் கடைக்காரர் சொன்னார். உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் மகளிடம், ஏதாவது ஓர் உலோகத்தின் தடைத்திறனை (அது மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்ற அளவை) வீட்டில் கண்டுபிடித்து வரும்படி பௌதிகவியல் சேர் சொல்லியிருக்கிறார். அவள் இந்தச் சுருளின் இரண்டு முனைகளிலும் மல்டிமீற்றரைப் பிடித்தாள், 2.9 ஓம் காட்டியது. கணக்குப் போட்டு 2.9 × 10⁻⁸ ஓம் மீற்றர் என்கிறாள். புத்தகத்தில் செம்புக்கு 1.7 தான் இருக்கிறது. அவள் பிழை விட்டாளா, நான் ஏமாந்தேனா?

பதில்: மகளின் முறை சரி. ஒரு மீற்றர் துண்டை அளந்திருந்தால் தடை 0.03 ஓமுக்கும் குறைவு, சாதாரண மல்டிமீற்றரில் ஒன்றுமே தெரியாது. முழுச் சுருளையும் அளந்தது கெட்டிக்காரத்தனம்.

ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. மல்டிமீற்றரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள். 0.2 ஓம் அளவில் ஏதாவது காட்டும். அது மீற்றரின் சொந்த வயர்களின் தடை, அதைக் கழிக்க வேண்டும். அப்படியும் 2.7 வருகிறது. நம் ஊர் வெக்கையையும் பார்ப்போம்: செம்பின் தடை ஒரு பாகை சூட்டுக்கு 0.4 சதவீதம் அளவில் கூடும். புத்தகத்தில் இருப்பது 20 பாகைக்கான பெறுமானம். 30 பாகையில் அது 1.8 ஐத்தான் தொடும், 2.7 க்குப் போகாது. சுருளில் 100 மீற்றருக்குக் குறைவாக வயர் இருந்தால் உண்மையான தடைத்திறன் இன்னும் கூடத்தான் செய்யும்.

மிஞ்சுவது விட்டம். 1.13 மில்லிமீற்றர் என்பதை மகள் அளந்தாளா, லேபிளைப் பார்த்து எடுத்தாளா? பாடசாலை ஆய்வுகூடத்தில், மெல்லிய கம்பியின் தடிப்பை அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சி இருக்கும். முனையில் பிளாஸ்டிக்கை உரித்து அதில் அளக்கச் சொல்லுங்கள். 0.9 அளவில் வந்தால் உலோகம் செம்பாகவே இருக்கலாம், ஆனால் மெல்லிய வயரைத் தடித்தது என்று விற்றிருக்கிறார்கள். விட்டம் பாதியாகக் குறையத் தேவையில்லை, இவ்வளவு குறைந்தாலே போதும்: கணக்கில் வரும் வெட்டுமுகப் பரப்பில் விட்டம் விட்டத்தாலேயே பெருக்கப்படுகிறது. சரியாக 1.13 என்றால் உலோகத்தில்தான் சூது. அலுமினியத்தின் தடைத்திறன் 2.7 அளவு. மேலே செம்பு பூசிய அலுமினிய வயரும் அதற்குக் கிட்டத்தான் வரும்.

முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பும் உள்ளே வெள்ளையும் என்றால் அது பூச்சு வயர். மேலே வெள்ளையும் உள்ளே சிவப்பும் என்றால் பயமில்லை, வெள்ளீயம் பூசிய செம்பு. வெட்டாமலே செய்யக்கூடிய இன்னொன்று, சுருளை நிறுப்பது. இந்த அளவில் 100 மீற்றர் செம்பு மட்டுமே 900 கிராமுக்குக் கிட்ட இருக்கும், அதற்குமேல் பிளாஸ்டிக் உறை. முழுச் சுருளும் ஒரு கிலோவைத் தொடாவிட்டால், ஒன்றில் செம்பு இல்லை, இல்லாவிட்டால் தடிப்பு இல்லை.

எதுவானாலும் அந்த வயரைச் சுவருக்குள் விடாதீர்கள். அதே மின்னோட்டத்துக்கு இது ஒன்றரை மடங்குக்குமேல் சூடாகும். அலுமினியமாக இருந்தால் இன்னும் மோசம்: சுவிட்ச், பிளக் திருகாணிகளில் நாளடைவில் தளர்ந்துபோகும், வெட்டிய முனையில் ஒக்சைட்டுப் படலம் பிடிக்கும், அந்த இடம் கொதிக்கும். பூசி மூடிய சுவருக்குள் இது நடந்தால் தீப்பிடித்த பிறகுதான் தெரியவரும். குழந்தைகள் தூங்கும் அறைக்கு மேலால் போகும் வயர் அது.

சுருளை வெட்டாமல் பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கடைக்காரரே ஏமாந்திருக்கலாம், எனவே அமைதியாகப் பேசி, அவர் முன்னாலேயே சுரண்டிக் காட்டுங்கள். மாற்றித்தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பில் தராமல் விட்டிருந்தால் இப்போதே கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை இலங்கைத் தர முத்திரையான எஸ்.எல்.எஸ். வயரின் உறையிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மகள் கொப்பியில் 2.7 ஐ 1.7 ஆக மாற்றி எழுதக்கூடாது. மீற்றர் காட்டியது, கழித்தது, கணிச்சியில் அளந்த விட்டம் எல்லாவற்றையும் அப்படியே எழுதட்டும். செம்பின் பெறுமானமும் வேண்டுமென்றால், மோட்டர் வைண்டிங் செய்யும் கடையில் மெல்லிய செம்பு வயர் 10 மீற்றர் கேளுங்கள். விட்டம் அளக்குமுன் அதன் வார்னிஷை சாண்ட் பேப்பரால் தேய்த்து எடுக்க வேண்டும்.