கல்யாணமும் சிபில் ஸ்கோரும்: கேள்வி பதில்

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வருமான வரிக் கேள்விகளுக்கு ஆடிட்டரைப் பாருங்கள்.

மணப்பெண்: அவருக்குக் கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறது. கல்யாணத்தைப் பதிவு செய்தால் என் ஸ்கோர் இறங்குமா அக்கா?

இறங்காதும்மா. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நாலு நிறுவனங்கள் நம் கடன் விவரங்களை வைத்திருக்கின்றன. நாலிலும் ஆளுக்கொரு ரிப்போர்ட், ஆளுக்கொரு ஸ்கோர் (கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்கான மதிப்பெண்), 300 முதல் 900 வரை. கல்யாணம் ஆயிற்றா என்பது அந்தக் கணக்கில் வராது. ஆனால் நாளைக்கு இருவரும் சேர்ந்து வீட்டுக்கடன் கேட்டால், வங்கி இரண்டு ரிப்போர்ட்டையும் பார்க்கும். அவர் பாக்கியால் கடனே நின்றுபோகலாம். நகை, மண்டபம் எல்லாம் பேசுகிறீர்கள், இதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

குமார்: ஹோம் லோனில் மனைவியைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சும்மா ஒரு கையெழுத்துதானே?

சும்மா கையெழுத்து என்று ஒன்று கிடையாது தம்பி. கோ-அப்ளிகன்ட்டாக, அதாவது கூட்டாகக் கடன் வாங்குபவராகப் போட்டால் முழுக்கடனும் மனைவி ரிப்போர்ட்டிலும் ஏறும், பாதி அல்ல. இ.எம்.ஐ. (மாதத் தவணை) 30,000 ரூபாய் என்றால் இரண்டு பேர் ரிப்போர்ட்டிலும் 30,000தான். ரிப்போர்ட்டில் மாதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். ஒழுங்காகக் கட்டினால் 000. தவணை நின்றால், எத்தனை நாள் தாமதமோ அந்த எண் அவர் கட்டத்திலும் விழும். நாளைக்கு அவர் தையல் கடை வைக்கக் கடன் கேட்டால், இந்த இ.எம்.ஐ. போக மிச்சத்துக்குத்தான் தகுதி பார்ப்பார்கள். நல்லதும் உண்டு: இருவர் வருமானமும் சேரும், சில வங்கிகள் பெண்களுக்கு வட்டி கொஞ்சம் குறைக்கும். அவர் முழுசாகப் படித்துவிட்டுச் சம்மதிக்கட்டும்.

ஹரி: மனைவிக்கு ஆட்-ஆன் கார்டு (என் கிரெடிட் கார்டோடு சேர்ந்த கூடுதல் கார்டு) வாங்கினால் அவருக்கு ஸ்கோர் ஏறுமா?

பொதுவாக எல்லாம் உங்கள் கணக்கில்தான் பதிவாகும். அவர் பெயரில் டெபாசிட் போட்டு, அதன்மேல் தனிக் கார்டு வாங்கிக் கொடுங்கள்.

நித்யா: பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் சேர்த்தால் பழைய வரலாறு போய்விடுமா?

போகாது. பான் எண் அதேதான். பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்திருக்கட்டும்.

பாலா: கல்யாணம் ஆனால் இருவர் ஸ்கோரும் ஒன்றாகிவிடுமாமே?

முதல் பதிலைப் படியுங்கள்.

செல்வி: தனித்தனி என்கிறீர்களே, கணவர் கடனைக் காட்டி எனக்கு மைக்ரோ பைனான்ஸில் குழு லோன் மறுத்தார்களே?

நல்ல கேள்விம்மா. அங்கே விதியே வேறு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தருவதுதான் மைக்ரோ பைனான்ஸ் கடன். கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவர் தவணையே அந்த அளவை நிரப்பினால் உங்களுக்கு இடமில்லை. உங்கள் ஸ்கோர் குறையவில்லை.

பாலா: கிடைக்கவில்லை என்றால் ஸ்கோர் இருந்தென்ன? இரண்டும் ஒன்றுதான்.

ஒன்றல்ல தம்பி. கணவர் கடன் அடைந்ததும் செல்விக்கு வழி திறந்துவிடும். செல்வியின் ரிப்போர்ட்டிலேயே கறை இருந்தால் அப்படித் திறக்காது.

முருகன்: குடும்பத்தையே பார்ப்பது அநியாயம். அவர் வாங்கியதற்கு அவள் என்ன செய்வாள்?

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே வீட்டில் ஆளுக்கொரு குழுவில் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கி, வாரத் தவணைக்குத் தாலியை அடகு வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வரம்பு அவர்களைக் காப்பாற்றத்தான். எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில்: மனைவி பெயரில் லோன் எடுத்துக் கணவன் செலவழிக்கிறான், பாக்கி அவள் ரிப்போர்ட்டில் நிற்கிறது. பணம் யார் கைக்குப் போனது என்று ரிப்போர்ட் கேட்காது. கையெழுத்தைத்தான் பார்க்கும்.

ஹரி: மச்சானுக்கு ஜாமீன் போடலாமா?

அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட முடியும் என்றால் போடுங்கள்.

பெயர் வேண்டாம்: விவாகரத்து ஆகிவிட்டது. ஹோம் லோனை அவரே கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. இரண்டு தவணை கட்டவில்லை. என் ஸ்கோர் இறங்கிவிட்டது.

அந்தத் தீர்ப்பு உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது. வங்கியோடு போட்ட ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. உங்களை விடுவிக்க வங்கி சம்மதிக்க வேண்டும்: அவர் தன் வருமானத்தில் மட்டும் கடனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது வீட்டை விற்று அடைக்கலாம். முடிந்தால் இப்போதைக்கு நீங்களே பாக்கித் தவணையைக் கட்டி, ரசீதோடு வக்கீலைப் பாருங்கள். தீர்ப்பை நிறைவேற்றக் கோரி மனு போடலாம். நாலு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு தடவை இலவச ரிப்போர்ட் தரும், எடுத்துப் பாருங்கள். கட்டிய பிறகும் பாக்கி காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.