பதினொரு மணி வரை படித்தும் மதிப்பெண் இல்லையே?

கேள்வி: மகள் அம்பாசமுத்திரத்தில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். இரவு 11 மணி வரை படித்தும் அறிவியலில் மதிப்பெண் குறைகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: நேரம் போதாமல் இல்லை அம்மா, திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் சிக்கல். பழகிய வரி தெரிந்ததுபோலவே தோன்றும். தேர்வில் கை ஓடாது. அன்று நடத்திய பாடத்தை 20 நிமிடம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் அந்தச் சிவப்புப் பகுதிகளைப் பார்க்காமல் எழுத வேண்டும். படங்களையும் அப்படியே, பாகம் குறித்து வரைய வேண்டும். கணக்கென்றால் விடையை மறைத்துவிட்டுப் போடணும். 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். தூக்கம் கெட்டால் படித்தது தங்காது. பஸ் நெரிசலில் புத்தகம் வேண்டாம், அன்றைய தலைப்புகளை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் போதும்.