பட்டா நிலத்தில் கூடாரம் போடலாமா? மாட்டுத்தடத்தை அடைக்கலாமா?

கேள்வி: மசினகுடி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. கூடாரங்கள் போட்டுச் சுற்றுலா வருபவர்களைத் தங்க வைக்க ஆசை. அப்பா காலத்திலிருந்தே பக்கத்து நிலத்துக்காரர்கள் என் நிலத்தின் குறுக்கேதான் மாடு ஓட்டிப் போகிறார்கள். இரவில் அதே தடத்தில் யானையும் வருகிறது. சுற்றிலும் மின்வேலி போட்டுவிடலாமா?

பதில்: வேலி இருக்கட்டும், முதலில் உங்கள் சர்வே எண் சீகூர் யானை வழித்தடத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். அந்த வழித்தடத்தை அறிவித்த 2010 அரசாணையை 2020 அக்டோபர் 14-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 'பட்டா இருக்கிறதே' என்று வாதாடிய விடுதிக்காரர்கள் அந்த வழக்கில் தோற்றார்கள். கூடாரம் கட்டடம் இல்லையே என்று நம்பிப் பணம் போடாதீர்கள். கூடாரமோ கட்டடமோ, இரவு வெளிச்சம், சமையல் வாசனை, ஆள் நடமாட்டம் எல்லாம் யானைக்கு ஒன்றுதான். நிலம் வழித்தடத்துக்குள் இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள் என்பேன்.

வெளியே இருக்கிறதா? சரி. அப்போதும் தமிழ்நாடு அரசின் 2023 மின்வேலி விதிகளின்படி வனத்துறை அனுமதி வாங்காமல் மின்வேலி போடக்கூடாது. மின் இணைப்பிலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் பாய்ச்சி யானை செத்தால் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைக் குற்றம். குறைந்தது மூன்று ஆண்டு சிறை. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயரை வீசியதில் ஒரு யானை இறந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். விருந்தினர்களைக் காக்க வேண்டுமென்றால் தடத்தை விட்டுத் தள்ளிக் கூடாரம் போடுங்கள். இருட்டிய பிறகு வெளியே அனுப்பாதீர்கள்.

அப்புறம் மாடுகள். அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைப் பற்றிய 1882 வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்திய வழியை நீங்கள் அடைக்க முடியாது. அடைத்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்குவார்கள். நீங்களோ உங்கள் அப்பாவோ அனுமதி கொடுத்துத்தான் போனார்கள் என்றால் கதை வேறு; ஆனால் அதை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு உதவும் பிரிவு ஒன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 22-ஆம் பிரிவுப்படி, அவர்களுக்குப் பாதகம் இல்லாமல் வழியை ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும்படி நீங்கள் கேட்கலாம். மாடு வைத்திருப்பவர்களை உட்காரவைத்துப் பேசி, அகலத்தையும் எல்லையையும் வரைபடத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யானை நடக்கும் பகுதியையே அந்த வழியாக விட்டுவிட்டால், நிலத்தின் மற்ற பகுதி உங்களுக்கு நிம்மதியாகக் கிடைக்கும்.