ஆபீஸில் விண்டோஸ் 11-ஐத் திணிப்பது யார் குற்றம்? ஐடி ஆட்களைத் திட்டலாமா?

எய்தவன் இருக்க அம்பை ஏன் நோகிறீர்கள்? விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்தியது. நீட்டிக்க, நிறுவனங்கள் கணினிக்கு முதல் ஆண்டில் 61 டாலர் கட்ட வேண்டும். ஆண்டுதோறும் அது இரட்டிப்பாகும், அதுவும் மூன்றாண்டுதான். அப்டேட் போடாமல் ஓட்டினால் என்ன ஆகுமென்று 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் காட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது.

ஆனால் நன்றாக ஓடும் ஏழாம் தலைமுறை இன்டெல் கணினிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று ஓரங்கட்டியது மைக்ரோசாஃப்ட்தான். அந்தப் பழி அவர்களுக்கே. விண்டோஸ் 11 வந்தது 2021-இல். நான்கு வருடம் பட்ஜெட்டைத் தள்ளிப்போட்டது உங்கள் மேனேஜ்மென்ட்.

மாதக் கடைசியில், கணக்கு முடிக்கிற நேரம் பார்த்து ‘ரீஸ்டார்ட்’ பெட்டி குதிக்கிறதா? அதற்கு மட்டும் ஐடியைத் தாராளமாகத் திட்டுங்கள். எந்த நேரத்தில் போடுவது என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது.