ஆண் பெண்ணைவிட உயர்ந்தவன் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

ஒரு பாலினம் பிறப்பிலேயே அறிவிலும் தகுதியிலும் மேலானது என்று எண்ணுவதுதான் இந்த நம்பிக்கை. இதன் வேர் உடலில் இல்லை. சொத்து, படிப்பு, முடிவெடுக்கும் உரிமை எல்லாம் நெடுங்காலம் ஆண்கள் கையில் இருந்தன. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்பதே 1989இல்தான் சட்டமானது!

வியாசர்பாடித் தெருவில் ஒரு கேரம் போர்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரை எப்போதும் அண்ணனிடமே கொடுத்துவிட்டு, தங்கைக்கு ஆடத் தெரியவில்லை என்று சொன்னால் அது என்ன நியாயம்? ஆட வாய்ப்புக் கிடைத்த வடசென்னைப் பெண் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார்.

பாலினச் சமத்துவம் என்றால் ஆண்களை அடக்குவது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அது இருவருக்கும் ஒரே உரிமை, ஒரே வாய்ப்பு என்பது மட்டுமே.