எருக்குழியும் குருத்தும்: தோட்டம் வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு அறுபது சென்ட் நிலத்தில் 25 தென்னங்கன்றுகளை நட்டேன். இப்போது மூன்று வயதாகும் கன்றுகளில் விரியும் ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டிய விசிறியைப் போல இருக்கின்றன. இரண்டு கன்றுகளில் குருத்தே சாய்ந்துவிட்டது. அருகில் உள்ள எருக்குழியைக் கிளறியபோது பெருவிரல் தடிமனில் வெண்ணிறப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: உண்டு. ஓலையில் நீங்கள் காண்பது காண்டாமிருக வண்டு வெட்டிய தடம். எருக்குழியில் கண்டது பெரும்பாலும் அந்த வண்டின் பிள்ளைகள். விரியாத குருத்துக்குள் ஓலைகள் மடிந்து கிடக்கும்போது வண்டு குறுக்கே துளைத்துச் செல்வதால்தான், அவை விரிந்த பிறகு இரு பக்கமும் ஒரே அளவாக வெட்டுப்பட்டுத் தெரிகின்றன. ஆகவே, இன்று கண்ணில் படும் வெட்டு முன்பே நேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு உடனே மருந்தடிக்க ஓடுவதில் பயனில்லை. மரத்தைக் கெடுப்பது வளர்ந்த வண்டு மட்டுமே. புழு தென்னையைத் தொடுவதில்லை. மக்கும் சாணத்தையும் குப்பையையும் பட்டுப்போன தென்னையின் அடிமரத்தையும் தின்று, மூன்று முதல் ஆறு மாதம் வரை அங்கேயே வளர்கிறது. இந்த நெடிய புழுப் பருவத்தில்தான் வண்டை எளிதாக ஒழிக்க முடியும் என்பதால், வேலையை எருக்குழியில் தொடங்குங்கள்.

இரண்டு மாதத்திற்கு ஒரு முறையேனும் குழியை அடிவரை புரட்டிப்போடுங்கள். கோழி இருந்தால் அன்று காலையில் தீவனம் வைக்காமல் திறந்துவிடுங்கள். மண்வெட்டி விழும் ஓசை கேட்டாலே அவை ஓடி வந்து காலடியில் நின்றுகொள்ளும். பெரிய புழுக்களைக் கொத்தத் தயங்கினால் நீங்களே பொறுக்கி அழிக்க வேண்டியதுதான். பிறகு, குழி ஈரமாக இருக்கும்போது பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையான மெட்டாரைசியத்தைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவில் கலந்து தெளித்தால், அது புழுவின் உடலில் வளர்ந்து அதைக் கொன்றுவிடும். காய்ந்த குழியில் தெளித்தால் பூஞ்சை பிழைக்காது.

கன்றுகளைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றின் குருத்தடியையும் நிதானமாகப் பாருங்கள். ஈரமான மரத்தூள் போன்ற சக்கை வெளியே தள்ளப்பட்டிருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். இரும்புக் கொக்கியை விட்டுக் குத்தி வெளியே இழுத்துவிடலாம். அதன்பின் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்த கலவையில் 150 கிராம் எடுத்து, உள்ளடுக்கில் உள்ள மூன்று மட்டைகளின் அடியிடுக்கில் போடுங்கள். மாற்றாக, அதே இடுக்குகளில் மட்டைக்கு ஒன்றாக மூன்று நாப்தலின் உருண்டைகளை வைத்து, 45 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் ஊறவைத்து, சிறு மண்பானைகளில் ஊற்றித் தோட்டத்தில் வைத்தால், அது புளித்த வாடைக்கு வண்டுகள் வந்து விழும். காலையில் எடுத்து அழித்துவிடுங்கள். வண்டுகளை வாசனையால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி உங்கள் அளவு நிலத்திற்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்று பரிந்துரைக்கப்படும் பொறியை அறுபது சென்டில் தொங்கவிட்டால், அடுத்த தோப்பு வண்டுகளுக்கும் நாமே வழிகாட்டியவர்கள் ஆவோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை நான் வாங்கிய ஒரு டிராக்டர் எருவோடு இந்தப் புழுக்களையும் சேர்த்தே விலைக்கு வாங்கிவிட்டேன். கொட்டிய அன்றே கிளறிப் பார்த்திருந்தால் நான்கு கன்றுகள் பிழைத்திருக்கும்.

கேள்வி: எங்களிடம் இருந்த பதினைந்து நாட்டுக்கோழிகளில் பதினொன்று ஒரே வாரத்தில் இறந்துவிட்டன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. கைவைத்தியம் பார்த்தும் பயனில்லை. இனி என்ன செய்வது? (வாசகி, மதுராந்தகம்)

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெள்ளைக் கழிச்சலுக்கு, அதாவது இராணிக்கெட் நோய்க்கு உரியவை. இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் குணமாக்கும் மருந்து இல்லை. சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதே பல வீடுகளில் கோழிக்கூடு காலியாவதற்குக் காரணம். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கையின் தோலடியில் ஊசியும் போட வேண்டும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுவது நல்லது.

சிறு பண்ணையாளர்களுக்கு உள்ள தொல்லை வேறொன்று. தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் உரிய அளவில்தான் கிடைக்கும். கரைத்த பின் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். உங்கள் தெருவில் கோழி வளர்ப்பவர்கள் ஒரே காலையில் கூடிப் போட்டுக்கொள்வதே இதற்கு வழி. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரியில், கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவற்றைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதையுங்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். எஞ்சிய நான்கு கோழிகள் நலமாகத் தோன்றினாலும், கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து ஒரு மாதமேனும் போன பிறகே புதுக் கோழிகளைக் கொண்டுவாருங்கள். சந்தையில் வாங்கியவற்றை முதல் இரண்டு வாரம் தனியே அடைத்து வையுங்கள்.

கேள்வி: சென்னையில் வேலை. வார இறுதியில் மட்டும் ஊருக்கு வந்து முப்பது சென்ட் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எருவுக்காக ஒரு கறவை மாடு வாங்கலாமா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: வேண்டாம். புதன்கிழமை காலையில் யார் கறப்பார்கள், மாலையில் யார் கறப்பார்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இருந்தால் மட்டும் மறுபடியும் எழுதுங்கள். கூலிக்கு ஆள் வைத்து, பசுந்தீவனத்தையும் வெளியே வாங்கினால், எருவைவிட மாடே பல மடங்கு செலவு வைக்கும். ஊரில் மாடு வைத்திருப்பவரிடம் வேண்டியபோது எரு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றும் முன் நாலைந்து இடத்தில் மண்வெட்டியால் கிளறிப் புழு இருக்கிறதா என்று பார்க்க மறவாதீர்கள்.