வாசகர் கேள்வி – பதில்: கல்லூரியில் நெருக்கடி வந்தால்...

கல்லூரி நிர்வாகம் குறித்து வந்த கேள்விகளில், ஆபத்தான நேரத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவற்றுக்கு இந்த இதழில் எங்கள் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: மகளிர் விடுதியில் 600 பேர் தங்கியிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பலருக்கும் ஒரே நேரத்தில் வாந்தி, பேதி என்றால் எதை முதலில் செய்வது?
– விடுதிக் காப்பாளர், நாமக்கல் மாவட்டம்

பதில்: முதலில் 108. கூப்பிடும்போதே எத்தனை பேர் என்று சொல்லுங்கள். 'சில பேருக்கு முடியலை' என்றால் ஒரு வண்டிதான் வந்து நிற்கும். நிற்க முடியாமல் தள்ளாடுகிறவர்கள், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதவர்கள், மலத்தில் ரத்தம் வருகிறவர்கள் முதல் வண்டியில் ஏற வேண்டும். மற்றவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும்; டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று பிரித்துப் போட்டால் உப்பின் அளவு மாறிவிடும். பேதியை நிறுத்தும் மாத்திரையை விடுதி அலுவலகத்திலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அதே நேரம் இன்னொருவர் போய்ச் சமையல்கூடத்தைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான். மெஸ் கான்ட்ராக்டரின் ஆட்கள் பயத்தில் மிச்சத்தைக் கொட்டி, அண்டாவைத் தேய்த்துக் கழுவி வைத்துவிடுவார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் காலையில் வரும்போது எடுத்துச் செல்ல மாதிரியே இருக்காது. ஒவ்வொரு வேளையும் சாம்பார், பொரியல், சட்னி என்று எல்லாவற்றிலும் கால் கிலோ எடுத்து, தேதியும் வேளையும் எழுதிய மூடி போட்ட டப்பாக்களில் ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைப்பதை மெஸ் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாகச் சேருங்கள்.

மூன்றாவது, ஒரு நோட்டு. பெயர், அறை எண், என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, முதல் வாந்தி எத்தனை மணிக்கு. சாப்பிட்டும் நன்றாக இருப்பவர்களிடமும் இதையே கேளுங்கள். தயிர்சாதத்தைத் தொடாதவர்கள் எல்லோரும் தப்பித்திருந்தால் சந்தேகம் எங்கே என்று தெரிந்துவிடும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், சமைத்து வெளியிலேயே கிடந்த உணவில் ஊறிய நஞ்சாக இருக்கலாம். அரை நாள் கழித்தோ மறுநாளோ காய்ச்சலோடு பேதி என்றால் சால்மொனெல்லா போன்ற கிருமி. நாலைந்து நாளாகப் புதிது புதிதாக ஆட்கள் விழுந்தால் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். குழாயில் பிடித்த நீரைக் குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் சோதித்தால் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். நோய் பரவும் நேரத்தில் 0.5.

மாவட்ட சுகாதார அலுவலருக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்கும் அன்றிரவே சொல்லிவிடுங்கள். 'எல்லாரும் ஊருக்குப் போங்க' என்று விடுதியைக் காலி செய்வது மட்டும் வேண்டாம். பாதி வழியில், பேருந்தில் மயங்குகிற பிள்ளைக்கு யார் பொறுப்பு? மஞ்சள் காமாலையாக இருந்தால், கிருமி தொற்றி 15 முதல் 50 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் அறிகுறி தெரியலாம். பிள்ளைகள் ஊர் ஊராகப் பிரிந்த பிறகு யாரையும் கண்காணிக்க முடியாது.

கேள்வி: 'விசாரணை முடியும்வரை யாரும் வாயைத் திறக்காதீர்கள்' என்கிறது எங்கள் நிர்வாகம். அது சரிதானா?
– உதவிப் பேராசிரியர், திருச்சி

பதில்: சரியில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 காலை சுமார் 7.15-க்கு விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். தனிப்பட்ட தகராறு, சுட்டவன் வளாகத்தைவிட்டுப் போயிருப்பான் என்று காவல்துறை கருதியது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. 9.40 வாக்கில் அதே ஆள் வகுப்பறைக் கட்டடத்துக்குள் நுழைந்து 30 பேரைக் கொன்றான். முன்னதாகவே தெளிவாக எச்சரித்திருக்க வேண்டும் என்பதே பிறகு நடந்த ஆய்வின் முடிவு.

உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும். காரணத்தை ஊகிக்க வேண்டாம். இப்படி: 'இன்று இரவு 9 மணி முதல் விடுதி மாணவியர் 43 பேருக்கு வாந்தி, பேதி. 11 பேர் அரசு மருத்துவமனையில். மற்றவர்கள் விடுதியிலேயே கவனிப்பில் இருக்கிறார்கள். அனுமதிக்கப்பட்டவர்களின் பெற்றோருக்குத் தனித்தனியே பேசிவிட்டோம். அடுத்த தகவல் இரவு 12 மணிக்கு.' இந்தக் கடைசி வரிதான் மிக முக்கியம். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 12 மணிக்கு 'நிலைமை அப்படியே' என்றாவது அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த இடைவெளியை வாட்ஸ்அப் வதந்தி நிரப்பும். பேசுபவர் ஒருவராக இருக்கட்டும். மாணவர்களின் செல்போனைப் பிடுங்கி வைப்பது தவறு. எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணத்தைத்தான் அது உண்டாக்கும்.

கேள்வி: விடுதியில் மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால் கல்லூரி எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– துறைத்தலைவர், கோவை

பதில்: உயிர் இருக்க வாய்ப்பு உண்டு என்றால் மருத்துவமனைதான் முதலில். இல்லையென்றால் அறையைப் பூட்டி, எதையும் தொடாமல் காவல்துறையைக் கூப்பிட வேண்டும். நோட்டு, செல்போன், கடிதம் எதையும் 'பத்திரமாக' எடுத்து வைக்காதீர்கள். பிறகு எழும் எல்லாச் சந்தேகமும் அந்த ஒரு செயலிலிருந்தே முளைக்கும்.

பெற்றோரிடம் முதல்வர் தாமே பேச வேண்டும். 'உடம்பு சரியில்லை, உடனே வாங்க' என்று பொய் சொல்லி வரவழைக்கிற வழக்கம் கொடுமையானது. பாதி வழியில் செய்திச் சேனலில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அவர்கள் ஊரிலேயே நம்பகமான உறவினர் ஒருவர் அருகில் இருக்கும்படி பார்த்து, உண்மையைச் சொல்லி, வண்டியும் ஏற்பாடு செய்யுங்கள். கல்லூரி வாசலில் அவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

மற்ற மாணவர்களிடம் இறந்த விதத்தை விவரிக்கக் கூடாது. 'காதல் தோல்வி', 'அரியர்' என்று ஒற்றைக் காரணமும் சொல்லக் கூடாது. அதே மனநிலையில் இருக்கிற இன்னொரு பிள்ளையை அது தள்ளிவிடக்கூடும். பெரிய ஃபிளெக்ஸ் வைப்பதையும் அதனால்தான் வேண்டாம் என்கிறோம். அறைத்தோழர்களுக்கு வேறு அறை கொடுங்கள். அந்த வாரத் தேர்வைத் தள்ளி வையுங்கள். நெருங்கிய நண்பர்களையும், முன்பே மனஉளைச்சலில் இருந்தவர்களையும் ஆலோசகர் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து சந்திக்க வேண்டும். 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களை எல்லா அறைக் கதவுக்கு உட்புறமும் ஒட்டுங்கள்.

கேள்வி: பாலியல் புகார் வந்தால் 'கல்லூரிப் பேர் கெட்டுடும், பேசி முடிச்சுக்கலாம்' என்கிறார்கள். என்ன செய்வது?
– பேராசிரியை, மதுரை

பதில்: முதலில் மாணவியின் வயதைப் பாருங்கள். முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர். 18 நிறையாவிட்டால் அது போக்சோ. காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. 18 நிறைந்தவர் என்றால் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். சமரசம், புகார் கொடுத்தவர் தாமாகக் கேட்டால் மட்டுமே. அதிலும் பணம் பேசக் கூடாது. போலீசுக்குப் போக விரும்பினால் துணைக்கு ஒருவரை அனுப்புவது கல்லூரியின் கடமை.

மாணவியின் பெயர் வெளியே வராமல் காப்பது அடுத்த கடமை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, அந்த மாணவியின் விவரங்கள் பரவின. அவருக்கு இடைக்காலமாக 25 லட்ச ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. புகார் மனுவை ஸ்கேன் செய்து துறை வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். மனு இருக்க வேண்டிய இடம், குழுத் தலைவரின் பூட்டிய அலமாரி.

கேள்வி: எங்கள் பேரிடர்க் குழுவில் 18 பேர் இருக்கிறார்கள். இது போதுமா?
– கல்லூரிச் செயலர், கடலூர்

பதில்: அதிகம். முதல்வர், விடுதிக் காப்பாளர், மருத்துவ அலுவலர், எஸ்டேட் அலுவலர், பெற்றோருடன் பேசுபவர் என்று ஐந்து பேர் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள். முதல்வர் விமானத்தில் இருந்தால் யார் முடிவெடுப்பார், எவ்வளவு தொகைவரை கேட்காமல் செலவு செய்யலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் வெள்ளம் புதிதல்ல. ஜெனரேட்டர், சான்றிதழ் அறை, சர்வர் மூன்றும் தரைத்தளத்தில் இருந்தால் மழைக்காலத்துக்கு முன் மேலே ஏற்றுங்கள். ஒத்திகையைப் பகல் பதினொரு மணிக்கு நடத்தாதீர்கள். இரவு பத்தரைக்கு நடத்தினால்தான் விடுதியின் பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியும்.